வீட்ல கெடக்கற பழைய வெள்ளி ரூபாய்க்கு என்ன விலை வரும்னு பாக்கறது எப்படி

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், காசை தேய்க்காதீங்க. புளி, விபூதி, டூத்பேஸ்ட் எதுவுமே வேணாம். கருத்துப்போன வெள்ளியைத்தான் பழைய காசு சேக்கறவங்க தேடறாங்க, பளபளன்னு தேய்ச்சு எடுத்துட்டு போனீங்கன்னா கையில வாங்கி பாத்துட்டு வெள்ளி ரேட்டுக்கு மேல பேசவே மாட்டாங்க.

அடுத்து எடை. பிரிட்டிஷ் இந்தியா ஒரு ரூபாய் சரியா ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், அதுல வெள்ளி 91.7 சதவீதம். பொழங்கின காசு கொஞ்சம் கொறைஞ்சிருக்கும், ஆனா 10 கிராம்தான் காட்டுதுன்னா சந்தேகம்தான். காந்தம் ஒட்டினா வெள்ளி கிடையாது (1947 புலி போட்ட ரூபாய் ஒட்டும், அது நிக்கல், ஆனா ஒரிஜினல்தான்). எடையை மட்டும் நம்பவும் முடியாது, ஏன்னா 1940ல இருந்து 1945 வரைக்கும் வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயும் அதே எடைதான், ஆனா வெள்ளி பாதிதான்.

வருஷத்தையும் கண்ணை மூடிட்டு நம்பாதீங்க. 1862ன்னு போட்ட விக்டோரியா ரூபாயை 1874 வரைக்கும் அதே வருஷம் போட்டே அடிச்சாங்க, பின்பக்கம் இருக்கற குட்டி குட்டி புள்ளியை எண்ணித்தான் ரகம் பிரிக்கறாங்க, ஒரு லென்ஸ் இல்லாம இதுல எறங்காதீங்க. அஞ்சாம் ஜார்ஜ் ரூபாய்னா பின்பக்கம் கீழ இருக்கற தாமரைக்கு அடியில ஒரு புள்ளி இருந்தா பம்பாய்ல அடிச்சது, இல்லன்னா கல்கத்தால அடிச்சது.

1911 ரூபாய் தனி கதை. ராஜா அங்கியில இருக்கற யானை பாக்க பன்னி மாதிரி இருக்குன்னு பெரிய கூச்சல் ஆகி, டிசைனை மாத்தி 1912ல விட்டாங்க. அதனால 1911க்கு எப்பவும் ஆள் இருக்கு.

கிரேடுக்கும், அதாவது காசு எவ்வளவு தேஞ்சிருக்குங்கற தரத்துக்கும், அஞ்சாம் ஜார்ஜ் காசுன்னா அதே யானையைத்தான் பாக்கணும், கூடவே ராஜாவோட கிரீடம், காது, மீசை. மேடான எடம்தான் முதல்ல தேயும். எழுத்து மட்டும் தெரியுது, முகம் வழவழன்னு இருக்குன்னா ஃபைன்ங்கற கிரேடுக்கும் கீழ. அங்கி வேலைப்பாடு முக்கால்வாசி தெரிஞ்சா விஎஃப் (வெரி ஃபைன்). தேய்மானமே இல்லாம, காசை சாய்ச்சா வெளிச்சம் சுத்தி ஓடுச்சுன்னா யுஎன்சி (பொழங்காத காசு). நம்ம காசுன்னா நாமளே ஒரு படி மேல போட்டுக்குவோம், அதனால ஒரு படி கொறைச்சே வச்சுக்கோங்க. கழுத்துல போட வளையம் பத்தவச்ச காசுக்கு கிரேடே பேச வேணாம்.

விலைன்னா, தேய்மானம் இல்லாத 91.7 சதவீத காசுல சுத்த வெள்ளி 10.7 கிராம் கிட்ட, அன்னிக்கு ரேட்டால பெருக்குங்க, அதுக்கு கீழ குடுக்காதீங்க. அதுக்கு மேல வர்றதெல்லாம் வருஷம், கிரேடு ரெண்டையும் பொறுத்தது. நெட்ல ஒருத்தர் கேக்கற விலையை பாக்காதீங்க, ஏலத்துல அதே வருஷம், அதே கிரேடு கடைசியா எவ்வளவுக்கு போச்சுன்னு தேடுங்க. 1939 ரூபாய் அபூர்வம்ங்கறதால போலியும் நெறைய சுத்துது, சர்டிஃபிகேட் இல்லாம வாங்காதீங்க. ராமர், அனுமன் போட்ட 1818 ஈஸ்ட் இந்தியா கம்பெனி காசு கம்பெனி அடிச்சதே இல்ல, அதுக்கு லட்சம் எல்லாம் வராது.

வாட்ஸப்ல "உங்க காசுக்கு லட்சம் தர்றோம், முன்னாடி ஃபீஸ் கட்டுங்க"ன்னு வந்தா உடனே பிளாக் பண்ணுங்க, ரிசர்வ் பேங்க் பேரை வச்சே இந்த ஏமாத்து நடக்குதுன்னு 2021ல அவங்களே எச்சரிக்கை விட்டாங்க.