சோலார் வைத்தவரும் காற்றாலையில் பங்கு வாங்கியவரும் வரி விஷயத்தில் செய்யும் தவறுகள்

போன மாதம் ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலாளி கரன்ட் பில்லை என் பக்கம் தள்ளினார். அதில் பென்சிலால் இரண்டு இடத்தில் வட்டம்: ஒன்று மின்சார வரி, இன்னொன்று நெட்வொர்க் கட்டணம், அதாவது கூரை சோலார் வைத்தவர் மின்வாரியக் கம்பிகளைப் பயன்படுத்துவதற்குக் கட்டுவது. கூடவே ஒரு கடிதமும் இருந்தது. அவர் பங்கு வைத்திருக்கும் காற்றாலையிலிருந்து வந்த யூனிட்டுகளுக்குக் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் (மின்வாரியத்தை விட்டு வெளியே மின்சாரம் வாங்குபவர், மற்றவர்களுக்கான மானியத்தை ஈடுகட்டக் கட்டுவது) கட்டச் சொல்லிய கடிதம். "எங்க கூரை, எங்க வெயில். இதுக்கு எதுக்குங்க வரி? மூணுமே செல்லாதுன்னு கேஸ் போட்டுடலாங்களா?" என்று கேட்டார்.

இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் முதல் தவறு. மூன்றும் வெவ்வேறு இடத்தில் பிறந்தவை. ஒவ்வொன்றுக்கும் செல்லுமா செல்லாதா என்ற கேள்வியே வேறு.

வரி என்றால் அதற்குச் சட்டமன்றம் இயற்றிய சட்டம் வேண்டும். அரசியலமைப்பின் 265ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. மாநிலங்கள் எதற்கெல்லாம் சட்டம் இயற்றலாம் என்று சொல்லும் மாநிலப் பட்டியலின் 53ஆவது இனம், மின்சார நுகர்வுக்கும் விற்பனைக்கும் வரி போடும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தருகிறது. உற்பத்தி என்ற சொல் அதில் இல்லை. சரி, சொந்தமாக உற்பத்தி செய்து நானே பயன்படுத்தினால்? 1960களின் தொடக்கத்திலேயே ஜியாஜிராவ் காட்டன் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. தானே தயாரித்த மின்சாரமாக இருந்தாலும், அதைப் பயன்படுத்துவது நுகர்வுதான். மாநிலம் அதற்கு வரி போடலாம். "எங்க வெயில்" வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது. பில்லில் முதல் வட்டத்தை அழிக்கச் சொன்னேன்.

பெயரை வைத்து முடிவு கட்டுவது அடுத்த தவறு. இமாச்சலப் பிரதேசம் 2023இல் நீர்மின் நிலையங்கள் மீது 'நீர் செஸ்' விதித்தது. மேட்டூரில் பார்த்திருப்பீர்கள்: டர்பைனைச் சுற்றிவிட்ட தண்ணீர் குறையாமல் காவிரிக்கே திரும்புகிறது. அப்படியிருக்க வரி தண்ணீருக்கா, மின் உற்பத்திக்கா? உற்பத்திக்குத்தான் என்று சொல்லி, 2024 மார்ச்சில் அந்த மாநில உயர் நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. ஆனால் உத்தராகண்ட் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021இல் அதே மாதிரியான வரி செல்லும் என்றே தீர்ப்பளித்திருந்தார். உற்பத்திக்கு மாநிலங்கள் வரி போடக்கூடாது என்று மத்திய மின் அமைச்சகம் 2023 அக்டோபரில் எழுதிய கடிதத்தைச் சிலர் நகல் எடுத்து வைத்துக்கொண்டு அதுவே போதும் என்கிறார்கள். அமைச்சகத்தின் கடிதம் மாநிலச் சட்டத்தை ரத்து செய்யாது. அதை நம்பி யாரும் கட்டாமல் இருந்துவிடாதீர்கள்.

நெட்வொர்க் கட்டணம் வரியே இல்லை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021 அக்டோபரில் பிறப்பித்த கூரை சோலார் ஆணையின் வழியாக வந்த கட்டணம் அது. அதை எதிர்க்க 53ஆவது இனத்தைத் தூக்கிக்கொண்டு போனால் வேலைக்கு ஆகாது. கட்டணத்துக்கும் உங்களுக்குக் கிடைக்கும் சேவைக்கும் என்ன சம்பந்தம், கணக்கு எப்படிப் போட்டார்கள், உங்கள் தரப்பைக் கேட்டார்களா என்று அங்கேதான் வாதம் இருக்க வேண்டும்.

அதிகப் பணம் போவது மூன்றாவதில்தான். 2003 மின்சாரச் சட்டத்தின் 42ஆவது பிரிவு, சொந்த உபயோக மின் நிலையம் வைத்திருப்பவருக்குக் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் கிடையாது என்கிறது. இதற்காகத்தான் சேலத்து நூல் மில்களும் சேகோ ஆலைகளும் கூட்டாகக் காற்றாலைக் கம்பெனியில் பங்கு வாங்குகின்றன. ஆனால் 2005 விதிகளின்படி, பயன்படுத்துவோர் கையில் குறைந்தது 26 சதவீத உரிமை இருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் 51 சதவீதத்துக்குக் குறையாமல் அவர்களே பயன்படுத்த வேண்டும். அது மட்டும் போதாது. ஒவ்வொருவரின் உபயோகமும் அவரவர் பங்கு விகிதத்துக்கு 10 சதவீதம் முன்பின்னாகப் பொருந்த வேண்டும். விகிதக் கணக்கு கட்டாயம் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பங்குப் பத்திரம் பீரோவில் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். நம்மவர் மரவள்ளி வரத்துக் குறைந்து நாலு மாதம் ஆலையை நிறுத்தியிருந்தார். அவருடைய உபயோகம் சரிந்தது, விகிதம் உடைந்தது. அந்தக் கடிதம் வந்தது அதனால்தான். மார்ச் முடிந்தபின் கணக்குப் பார்த்துப் பயனில்லை. டிசம்பரிலேயே பார்த்திருந்தால் மீதி மாதங்களில் சரிக்கட்ட வழி இருந்திருக்கும். எனக்கு மனசு ஆறாத இடம் இது.

விலை வரம்பு பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 டிசம்பரிலிருந்து 2023 ஜூன் வரை, காற்றாலை, சோலார் போன்ற உற்பத்தியாளர்களின் சந்தை வருவாய்க்கு மெகாவாட் மணிக்கு (ஆயிரம் யூனிட்டுக்கு) 180 யூரோ என்று உச்சவரம்பு வைத்தது. பிரிட்டன் 75 பவுண்டுக்கு மேல் வரும் வருவாயில் 45 சதவீதம் எடுத்தது. இதையெல்லாம் காட்டி, "நம்ம ஒப்பந்த விலையையும் அரசு குறைச்சிடும்" என்று பயப்படுகிறார்கள். இங்கே மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஏப்ரலில் யூனிட்டுக்கு 12 ரூபாய் என்று வைத்த வரம்பு, மின் சந்தையில் அன்றாடம் விற்கும் மின்சாரத்துக்கு. கையெழுத்தான ஒப்பந்த விலை வேறு. ஆந்திரத்தில் 2019இல் காற்றாலை, சோலார் ஒப்பந்த விலையைக் குறைக்க முயன்றார்கள். 2022 மார்ச்சில் அந்த மாநில உயர் நீதிமன்றம் ஒப்பந்த விலையையே கொடுக்கச் சொன்னது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் விற்பது சந்தையிலா, ஒப்பந்தத்திலா என்பதை.

கோபத்தில் பில்லையே கட்டாமல் விடுவது பெரிய தவறு. மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவுப்படி 15 நாள் நோட்டீஸ் கொடுத்து இணைப்பைத் துண்டிக்கலாம். ஆனால் அதே பிரிவில் வழியும் இருக்கிறது: கேட்ட தொகை, அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் கட்டினால், தகராறு தீரும்வரை துண்டிக்க முடியாது. ஆட்சேபம் என்பதை எழுத்தில் கொடுங்கள்.

அப்புறம், எங்கே போவது? ஆணையத்தின் ஆணையை எதிர்க்க மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். ஆணை நகல் கிடைத்த 45 நாளுக்குள். ஆணையம் வகுத்த ஒழுங்குமுறை விதியே தவறு என்றால் தீர்ப்பாயத்தால் அதைத் தொட முடியாது, உயர் நீதிமன்றம்தான், பி.டி.சி. இந்தியா வழக்கில் 2010இல் அரசியல் சாசன அமர்வு சொன்னது இது.

முதலாளி காட்டிய அந்தக் கடிதத்துக்கு அடிப்படை, காற்றாலைக் கம்பெனி போட்ட மனுவில் ஆணையம் பிறப்பித்த ஆணை. நகல் எப்போது வந்தது என்று கேட்டேன். மேசை இழுப்பறையைக் கிளறி, ஸ்டார்ச் தூசு படிந்த ஒரு தபால் உறையை எடுத்தார். முத்திரைத் தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணினோம். 31 நாள் போயிருந்தது. மீதி 14.