கடைசல் மரத்துக்குத் தாழை ஓலையும் தேன்மெழுகும்

கடைசல் இயந்திரத்தில் கடைந்து முடித்த மரக் கிண்ணத்துக்கு மெருகேற்ற எல்லோரும் வார்னிஷ் டப்பாவைத்தான் தேடுகிறோம். குமரி மாவட்டத்தில் இருப்பவர்கள் அதற்கு முன் மார்த்தாண்டம் பகுதியில் தேனோடு கிடைக்கும் தேன்மெழுகையும், வாய்க்கால் கரைகளில் வளரும் தாழையையும் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மெருகின் பாதி வேலை உப்புத்தாளில் முடிந்துவிடும். 120, 180, 240, 320, 400 என்று சொரசொரப்பைக் குறிக்கும் எண்களைத் தாவாமல் ஏறி, ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் கடைசல் இயந்திரத்தை நிறுத்தி, மரத்தின் ரேகைவாக்கில் கையால் தேய்க்க வேண்டும். பிறகு அதே மரத்தின் சீவல் சுருளை ஒரு பிடி எடுத்து, சுழலும் கிண்ணத்தின் அடிப்பக்கத்தில் அழுத்திப் பிடித்தால், எந்தப் பூச்சும் இல்லாமலே, பலா இனத்து அயனி மரம் மின்னத் தொடங்கும்.

தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். அந்தச் சூட்டை உராய்வே தந்துவிடுவதால் அடுப்பு தேவையில்லை. மெழுகுக் கட்டியைச் சுழலும் மரத்தில் தொட்டதும் மங்கலான வெண்கோடுகள் விழும். காகிதத் துண்டை மடித்து அவற்றின் மேல் அழுத்த, கோடுகள் மறைந்து, பலா மரமானால் அதன் மஞ்சள் ரேகைகள் ஆழமாகத் தெளிந்து வரும். தேனடையின் வாசனையும் எழும். துணியை விரலில் சுற்றிக்கொண்டு இதைச் செய்யவே கூடாது. இயந்திரம் பிடித்திழுத்தால் காகிதம் கிழியும், துணியோ விரலையும் சேர்த்து இழுக்கும். தேன்மெழுகு மென்மையானது என்பதால் விரல்தடம் பதியும். அடிக்கடி கையாளும் பொருளாக இருந்தால், 80 டிகிரிக்கு மேல் உருகும் கார்னோபா மெழுகைச் சிறிது கலந்துகொள்ளலாம்.

அரக்குப் பூச்சுக்குத்தான் தாழை. வண்ண அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால், அது உராய்வில் இளகி ஒட்டிக்கொள்ளும். இரு ஓர முள்ளையும் நடு நரம்பு முள்ளையும் சீவி நீக்கிய தாழை ஓலையை அதன் மேல் அழுத்தினால், திட்டுத்திட்டான அரக்கு கண்ணாடிபோல் பரவும். கர்நாடகத்தின் சன்னபட்டணத்து மரப்பொம்மைகளின் பளபளப்பு இந்த ஓலையால் வருவதே. சூடான பாத்திரத்தையும் ஆல்கஹாலையும் அரக்கு தாங்காது. ஆகவே பொம்மைக்கும் குங்குமச் செப்புக்கும் மட்டும் பூசுங்கள்.

சமையலறைக் கிண்ணத்துக்குத் தேங்காய் எண்ணெய் போதும் என்று நானும் நம்பியிருந்தேன். அது உலரும் எண்ணெய் அன்று. ஒரு மழைக்காலம் கழிந்ததும் என் கிண்ணத்தில் தூசு அப்பி, காறல் வாடை வந்துவிட்டது. இப்போது மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் 4 பங்கும் தேன்மெழுகு 1 பங்கும் எடுத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு கிண்ணத்தை வைத்து உருக்கிப் பூசி, இரவு முழுவதும் ஊறவிட்டுக் காலையில் துடைக்கிறேன்.

ஆளிவிதை எண்ணெய் நன்றாக உலரும். ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கிவைக்க வேண்டும்.

இரண்டு பருவமழைகளும் பெய்யும் நம் ஊரில் மெழுகு மெருகு விரைவில் மங்கும். மங்கியதும் உப்புத்தாளுக்குப் போகாமல், வெயிலில் சற்றே இளஞ்சூடாக்கி, மெழுகை மெல்லத் தடவி மறுபடி தேய்த்தால் போதும்.