ஓட்டல் புள்ளிகளைக் கொண்டு வெளியூரில் எங்கே தங்குவது? சேலத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம் செய்பவர், ஜவ்வரிசிக் கணக்கு பார்க்க மாதம் ஒருமுறை வடநாட்டுக்குப் போய்வருபவர், இரும்பாலையின் ஒப்பந்த வேலைக்காக ஊர் ஊராக அலைபவர் என்று சேலத்தில் பலருடைய செல்பேசியில், தொழிலுக்காகத் தங்கிய இரவுகளுக்கு ஓட்டல் நிறுவனங்கள் கொடுத்த, பிறகு பணத்துக்குப் பதிலாகக் கொடுத்து அறை எடுக்கக்கூடிய புள்ளிகள் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருக்கின்றன. கோடை விடுமுறை நெருங்கி, பிள்ளைகளைச் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ அழைத்துப் போகலாம் என்ற பேச்சு வீட்டில் எழும்போதுதான் அந்தப் புள்ளிகள் நினைவுக்கு வருகின்றன. அப்போது பெரும்பாலோர் செயலியைத் திறந்து, இருக்கும் புள்ளிக்குள் எந்த ஓட்டல் அடங்குகிறதோ அதைப் பதிவு செய்துவிடுகிறார்கள். நான் பரிந்துரைக்கும் வரிசை இதற்கு நேர்மாறானது. அந்த நகரத்துக்கு எதற்காகப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ற பகுதியைத் தேர்ந்து, அந்தப் பகுதியில் நம் புள்ளி செல்லுபடியாகும் ஓட்டல் உண்டா என்று பார்த்து, கடைசியில்தான் புள்ளியைக் கொடுப்பதா பணத்தைக் கொடுப்பதா என்று கணக்குப் போட வேண்டும்.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். கல்யாணத்துக்குத் தி.நகரில் புடவை எடுக்க வேண்டும், மயிலாப்பூரில் கபாலீசுவரரைத் தரிசிக்க வேண்டும், மாலையில் மெரினாவுக்குப் போக வேண்டும் என்பதுதான் திட்டம் என்றால், அண்ணா சாலையில் தேனாம்பேட்டையை ஒட்டித் தங்குவதே பொருத்தம். ஹயாத் ரீஜென்சியும் மாரியட் குழுமத்தின் கோர்ட்யார்டும் அங்கே உள்ளன; சென்ட்ரலிலிருந்து விமான நிலையம் செல்லும் மெட்ரோவின் நீல வழித்தடம் அந்தச் சாலைக்கு அடியிலேயே ஓடுகிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் இறங்கி, வண்டலூர் உயிரியல் பூங்காவையும் முக்கியமாகப் பார்க்க நினைக்கும் குடும்பத்துக்குக் கிண்டி வசதியாக இருக்கும், ஐ.டி.சி. கிராண்ட் சோழா, பார்க் ஹயாத், ஈக்காட்டுத்தாங்கலில் ஹில்டன் ஆகியவை அந்தப் பக்கம்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் உள்ள ஷெரட்டன் கிராண்ட் கடலைப் பார்த்தபடி மூன்று நாள் ஓய்வெடுக்க அருமையான இடம். ஆனால் அங்கே அறை எடுத்துவிட்டுத் தினமும் தி.நகருக்குப் போய் வர நினைத்தால், புள்ளியில் மிச்சப்படுத்திய பணம் டாக்சிக்குப் போய்விடும். அதோடு பிள்ளைகளின் அரை நாளும் சாலையிலேயே கழிந்துவிடும். மாமல்லபுரம் பார்ப்பதே பயணத்தின் நோக்கம் என்றால் அதே ஓட்டல்தான் சிறந்த தேர்வாகிறது. ஓட்டல் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு நோக்கத்தை விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

போய்ச் சேரும் நேரத்தையும் இந்தக் கட்டத்திலேயே யோசித்துவிடுவது நல்லது. இரவில் சேலம் சந்திப்பில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் பொழுது விடியுமுன் சென்ட்ரலில் இறங்குவோம். பெரும்பாலான ஓட்டல்களில் அறை கைக்குக் கிடைப்பதோ பிற்பகல் 2 மணிக்கோ 3 மணிக்கோதான். தூக்கம் கலைந்த குழந்தைகளோடும் வயதான பெற்றோரோடும் வரவேற்பறையில் பத்து மணி நேரம் காத்திருப்பது எளிதல்ல. சில குடும்பங்கள் இதற்காகவே முந்தைய நாள் இரவுக்கும் சேர்த்து அறை எடுக்கின்றன. அப்படியானால் புள்ளிக் கணக்கில் ஓர் இரவு கூடுகிறது என்பதை மறக்கக் கூடாது. காலை 8 மணியளவில் சேலம் வரும் கோவை–சென்னை வந்தே பாரத்தில் ஏறினால் நண்பகலை ஒட்டிச் சென்ட்ரலில் இறங்கி, பெட்டியை ஓட்டலில் ஒப்படைத்து, சாப்பாட்டை முடித்துவிட்டு வரும்போது அறை தயாராக இருக்கும். ரயில் கட்டணத்தில் உள்ள வித்தியாசம் ஓர் இரவின் அறை வாடகையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

அடுத்துத் தலைகளை எண்ண வேண்டும். புள்ளிகளில் கிடைக்கும் அறை பெரும்பாலும் இரண்டு பெரியவர்களுக்கான அடிப்படை அறையாகவே இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாநிலத் தலைநகரில் நாங்கள் நான்கு பேர், அவர்களில் இருவர் பள்ளிப் பிள்ளைகள், "இருவர்" என்றே பதிவு செய்துவிட்டுப் போய் நின்றோம். கூடுதல் படுக்கைக்கும் காலை உணவுக்கும் சேர்த்து இரவுக்கு இவ்வளவு என்று அங்கே ஒரு தொகை சொன்னார்கள். மூன்று இரவுக்கு அதைக் கூட்டிப் பார்த்தபோது, பணம் கொடுத்துப் பக்கத்திலேயே ஒரு குடும்ப அறை எடுத்திருக்கலாம் என்று தோன்றியது. தவறு முழுக்க என்னுடையது. அதிலிருந்து, பதிவு செய்யும் படிவத்தில் பிள்ளைகளின் வயதைச் சரியாகக் குறிப்பிட்டுவிடுகிறேன். பிறகு ஓட்டலுக்கே தொலைபேசியில் பேசி, எந்த வயது வரை கட்டணமில்லை, கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு, காலை உணவு அறையோடு சேர்ந்ததா என்ற மூன்றையும் கேட்டு, மின்னஞ்சலிலும் பதில் வாங்கி வைத்துக்கொள்கிறேன். மாமியாரோ அம்மாவோ உடன் வருவதாக இருந்தால், குளியலறையில் பிடிமானக் கம்பி உண்டா, தொட்டிக்குள் ஏறி இறங்கிக் குளிக்க வேண்டியிருக்குமா என்பதையும் கேட்பேன்.

இனி கணக்கு. அறையின் பண விலையை வரியோடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியில் தங்கினாலும் கையிலிருந்து கொடுக்க வேண்டியவை ஏதேனும் இருந்தால் அதைக் கழியுங்கள். மிச்சத்தைத் தேவைப்படும் புள்ளிகளால் வகுங்கள். ஒரு புள்ளிக்கு எத்தனை பைசா கிடைக்கிறது என்பது தெரிந்துவிடும். வரியை விட்டுவிட்டால் கணக்குத் தப்பாகிவிடும்: 2025 செப்டம்பர் 22 முதல் இந்தியாவில் நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட அறைக்கு 18 சதவீதம். ஓர் ஓட்டல் இரவுக்கு 9,000 ரூபாய் அல்லது 12,000 புள்ளிகள் கேட்பதாக வைத்துக்கொள்வோம். வரியோடு 10,620 ரூபாய். புள்ளிக்கு 88 பைசாவுக்குச் சற்று மேல். இன்னொன்று 5,200 ரூபாய் அல்லது 10,000 புள்ளிகள் கேட்டால், வரியோடு 5,460 ரூபாய். புள்ளிக்கு 54 பைசாவைத் தாண்டுகிறது, அவ்வளவுதான். இரண்டாவது ஓட்டலுக்குக் குறைந்த புள்ளிகளே தேவைப்பட்டாலும், அங்கே பணத்தைக் கொடுத்துவிட்டு, புள்ளிகளை முதல் ஓட்டல் போன்ற இடத்துக்குச் சேமிப்பதே மேல். பணம் கொடுத்துத் தங்கினால் அந்த இரவுக்குப் புதுப் புள்ளிகளும் சேரும். ஆனால் ஓட்டலின் சொந்தத் தளத்திலோ செயலியிலோ பதிவு செய்தால்தான் அவை சேரும், இடைத்தரகுப் பயணத் தளங்களில் பதிவு செய்தால் பொதுவாகச் சேராது.

இந்தக் கணக்கிலும் ஒரு மயக்கம் உண்டு. 18,000 ரூபாய் அறையைப் புள்ளியில் வாங்கினேன் என்று பெருமைப்படுபவர், புள்ளி இல்லாவிட்டால் அந்த அறைக்கு 18,000 ரூபாய் கொடுத்திருப்பாரா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். 6,000 ரூபாய் அறைதான் எடுத்திருப்பார் என்றால், அவருக்கு மிச்சமானது 6,000 ரூபாய்தான். நீங்கள் உண்மையில் கொடுத்திருக்கக்கூடிய தொகையை வைத்தே வகுத்துப் பாருங்கள்.

எல்லா நிறுவனங்களின் புள்ளிகளும் ஒரே மாதிரி இயங்குவதில்லை. டாடா குழுமத்தின் செயலியான டாடா நியூ வழியாகத் தாஜ், ஜிஞ்சர் ஓட்டல்களில் செல்லும் நியூகாயின் என்ற புள்ளி ஒன்றின் மதிப்பு ஒரு ரூபாய். அக்கோர் குழுமத்தின் நோவோடெல், ஐபிஸ் ஓட்டல்களில் 2,000 புள்ளிகளுக்கு 40 யூரோ கழிவு. இவற்றின் மதிப்பு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆகவே மதிப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. விலை குறைவான நாளைப் பார்த்துச் செலவிட்டால் போதும். எந்த ஓட்டலுக்கு எத்தனை புள்ளி என்று நிர்ணயித்த தன் பழைய அட்டவணையை மாரியட் 2022-இல் கைவிட்டது. இப்போது நாளுக்கு நாள் தேவையைப் பொறுத்துப் புள்ளி விலை மாறுகிறது. சேப்பாக்கத்தில் கிரிக்கெட் போட்டி நடக்கும் வாரத்திலும், மார்கழி இசை விழாவின் உச்ச நாட்களிலும் பண விலையோடு புள்ளி விலையும் ஏறுவதைக் காணலாம். ஓரிரு நாள் முன்பின் நகர்த்திப் பார்த்தால் நல்ல வித்தியாசம் தெரியும். ஹயாத் தன் ஓட்டல்களை வகை பிரித்து அட்டவணை வெளியிட்டிருப்பதால் அங்கே ஏற்றத்துக்கு ஒரு வரம்பு உண்டு. பண விலை தாறுமாறாக உயரும் நாட்களில் அத்தகைய புள்ளிகளே கைகொடுக்கின்றன.

ஐந்து இரவு தங்குபவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. மாரியட்டில் ஒரே ஓட்டலில் தொடர்ந்து ஐந்து இரவுகளைப் புள்ளியில் பதிவு செய்தால், புள்ளி விலை மிகக் குறைந்த இரவு இலவசம். ஹில்டனில் சில்வர் என்ற உறுப்பினர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஐந்தாம் இரவு இலவசம். நான்கு நாளாகத் திட்டமிட்ட பயணத்தை இதற்காக ஐந்தாக நீட்டுவது புத்திசாலித்தனமா என்பது பிள்ளைகளின் பள்ளியையும் கடையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. ஒருவரிடம் மட்டும் போதிய புள்ளி இல்லாவிட்டால், கணவன், மனைவி, அண்ணன், தம்பி கணக்குகளை ஒன்றுசேர்க்க ஹில்டன் இலவசமாக அனுமதிக்கிறது. ஒரு குழுவில் 11 பேர் வரை சேரலாம். எச்.டி.எஃப்.சி. வங்கியின் மாரியட் கடன் அட்டை வைத்திருப்பவர்களுக்கு 15,000 புள்ளி வரையிலான ஓர் இலவச இரவு தரப்படுகிறது. அதற்குக் காலாவதித் தேதி உண்டு. சாதாரணப் புள்ளிகளும் சும்மா கிடந்தால் அழிந்துவிடும்: மாரியட், ஹில்டன் கணக்குகளில் 24 மாதம், அக்கோரில் 12 மாதம் எந்த நடவடிக்கையும் இல்லாவிட்டால் போய்விடும். கடன் அட்டைச் செலவுக்கு வங்கி தரும் புள்ளிகளை ஓட்டல் புள்ளிகளாக மாற்றினால் திரும்பப் பெற முடியாது. அதனால் நீங்கள் தேர்ந்த ஓட்டலில் நீங்கள் தேர்ந்த தேதியில் அறை இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மாற்றுங்கள்.

சில வெளிநாட்டு நகரங்களில் வரியும் கட்டணமும் இன்னும் கனமாக இருப்பதால் புள்ளிகள் அங்கே கூடுதல் பலன் தருவதுண்டு. சிங்கப்பூரில் பல ஓட்டல்கள் விளம்பரப்படுத்தும் விலையோடு 10 சதவீதச் சேவைக் கட்டணத்தையும், அதற்கு மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்க்கின்றன. 200 டாலர் என்று கண்ட அறை, பில்லில் 239 டாலர் 80 காசு ஆகிறது. புள்ளியில் தங்கும் இரவில் இவை பொதுவாக அடங்கிவிடும். கோலாலம்பூரில் நிலைமை வேறு: வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியைப் புள்ளியில் தங்கினாலும் ஓட்டலிலேயே கட்ட வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் பகுதி தேர்வைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். சைவச் சாப்பாடும் நம் ஊர்க் காப்பியும் இல்லாமல் பெற்றோர் திண்டாடுவார்கள் என்றால், மரினா பே பளபளப்பை விட்டு, லிட்டில் இந்தியா பகுதியின் சிராங்கூன் சாலைக்கு நடந்து போகும் தொலைவில் அறை பாருங்கள். அங்கிருந்து எங்கு வேண்டுமானாலும் எம்.ஆர்.டி. ரயில் இருக்கிறது. ஃபார்முலா 1 கார் பந்தயம் நடக்கும் வாரத்தில் மரினா பே பக்கம் புள்ளி அறைகள் கிடைப்பதே அரிது.

பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் நம் வீட்டுக்கு வரும் உறவினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, ஏற்காட்டைப் புள்ளியில் பார்க்க முடியுமா என்பது. மலைமேல் உள்ளவற்றில் பெரும்பாலானவை ஸ்டெர்லிங் போன்ற விடுமுறை விடுதிகள், சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு, எஸ்டேட் பங்களாக்கள் ஆகியவையே. உலகளாவிய புள்ளித் திட்டங்கள் அங்கே பெரிதாக எடுபடாது. கீழே சேலத்தில் மாமாங்கம் பகுதியில் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ராடிசனில் அந்த நிறுவனத்தின் புள்ளிகளைப் பயன்படுத்தலாம். அங்கே தங்கி, காலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, ஏரியையும் லேடீஸ் சீட்டையும் சேர்வராயன் கோயிலையும் பார்த்துவிட்டு இரவு இறங்கிவிடலாம்தான். ஆனாலும் என் கருத்து வேறு. ஏற்காட்டின் சிறப்பு மாலை மங்கிய பின் வரும் குளிரிலும், காப்பித் தோட்டத்தில் பனி விலகும் காலையிலும்தான் இருக்கிறது. பகலில் மட்டும் வந்து போகிறவருக்கு அவை இரண்டும் கிடைப்பதில்லை. ஆகவே ஓர் இரவாவது மலைமேல் பணம் கொடுத்துத் தங்குங்கள், புள்ளியைச் சேலம் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மே மாதக் கோடை விழா நாட்களில் மலைப்பாதையில் ஒருவழிப் போக்குவரத்து நடைமுறைக்கு வந்து, இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவதுண்டு என்பதால், மேலே ஏறி இறங்கும் திட்டத்துக்கு அந்த வாரம் சற்றும் ஏற்றதல்ல.

பதிவு செய்யும் கணத்தில் ரத்து விதியைப் படியுங்கள். புள்ளி அறையை எந்தத் தேதி, எந்த மணி வரை ரத்து செய்தால் புள்ளி முழுவதும் திரும்பும் என்பது உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் இருக்கும்; அதற்கு இரண்டு நாள் முன்பே நினைவூட்டும் மணியைச் செல்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் ஒருமுறை மறுபடியும் அதே ஓட்டலின் புள்ளி விலையைப் பாருங்கள். குறைந்திருந்தால், புது விலையில் முதலில் பதிவு செய்துவிட்டுப் பிறகு பழையதை ரத்து செய்யுங்கள்.