கருத்தடை மாத்திரையும் மரபணுச் சிதைவும்: ஆய்வறிக்கையை எடைபோடும் முறை

கருத்தடை மாத்திரையின் ஹார்மோன் மரபணுவைச் சிதைக்கிறது என்று ஓர் ஆய்வறிக்கை சொன்னால், முடிவுரையை ஒதுக்கிவிட்டு செய்முறைப் பகுதியைத் திறங்கள். எந்த ஹார்மோன், என்ன செறிவு, எந்தச் செல் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் செறிவு. குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. மாத்திரைகளில் பரவலாக உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனான எத்தினைல் எஸ்ட்ராடியாலின் மூலக்கூறு எடை சுமார் 296. சோதனைக் குழாயில் 10 மைக்ரோமோலார் (செறிவு அலகு) போட்டிருந்தால், மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 3 மைக்ரோகிராம், அதாவது 30 லட்சம் பிகோகிராம் (ஒரு மைக்ரோகிராம் என்பது 10 லட்சம் பிகோகிராம்). 30 மைக்ரோகிராம் மாத்திரை விழுங்கியவரின் ரத்தத்தில் உச்ச அளவே மில்லிலிட்டருக்கு 100 பிகோகிராமை ஒட்டித்தான் இருக்கும். வித்தியாசம் 30,000 மடங்கு! அதற்காக அறிக்கையைத் தூக்கி எறியவும் வேண்டாம். குடலிலிருந்து மருந்து நேரே கல்லீரலுக்குப் போவதால், அங்கே செறிவு ரத்தத்தைவிடக் கூடுதல்.

அடுத்து, எலிக் கல்லீரல் நொதிக் கலவையான எஸ்9 சேர்த்தார்களா என்று பாருங்கள். அதைச் சேர்த்தால் மட்டும் சிதைவு தெரிந்தால், குற்றவாளி ஹார்மோன் அல்ல, அது உடைந்து உருவாகும் பொருள். ஈஸ்ட்ரோஜன் முதலில் கேட்டகால் என்ற பொருளாகி, பிறகு வினைத்திறன் மிக்க குயினோனாக மாறி டிஎன்ஏவில் ஒட்டக்கூடும். உடலில் காம்ட் என்ற நொதியும் குளூட்டாதயோன் என்ற பாதுகாப்புப் பொருளும் இதை மட்டுப்படுத்தும். வழக்கமான எஸ்9 கலவையில் அந்தக் காவல் சரியாக இருக்காது. அதனால் விளைவு மிகையாகலாம்.

தவறு எதிர்ப்பக்கமும் நடக்கும். சில மாத்திரைகளில் உள்ள செயற்கை புரோஜெஸ்டோஜனான சைப்ரோடெரோன் அசிடேட் வழக்கமான சோதனைகளில் சாதுவாகத் தேறிவிடும். சல்ஃபேட் ஏற்றும் நொதி வேலை செய்யும் கல்லீரல் செல்லில் போட்டால்தான் அது டிஎன்ஏவில் ஒட்டுவது தெரியும். எனவே ‘எல்லா ஹார்மோனும்’ என்று பொதுப்படப் பேசும் அறிக்கையை நம்பாதீர்கள்.

மாத்திரை சாப்பிடும் பெண்களின் ரத்தத்தை எடுத்து நுண்கரு (குரோமோசோம் சிதைவாலோ இழப்பாலோ செல்லில் தனியே உருவாகும் சிறு கரு) எண்ணியிருந்தால், எண்ணிய விதத்தைப் பாருங்கள். நிணவணுக்களை (ஒருவகை வெள்ளை அணு) 72 மணி நேரம் வளர்த்து, கரு பிரிந்தாலும் செல் இரண்டாகப் பிரியாமல் தடுக்கும் சைட்டோகலாசின் பி என்ற பொருளை 44ஆம் மணியில் சேர்ப்பது வழக்கம். இப்படி இரு கருக்களோடு நிற்கும் செல்களில் மட்டும், முதன்மைக் கருவின் 16இல் ஒரு பங்கு முதல் 3இல் ஒரு பங்கு விட்டம் உள்ளதை மட்டும் எண்ண வேண்டும். ஆளுக்கு 1,000 செல்லாவது எண்ணாத கணக்கு ஆட்டம் காணும். எக்ஸ் குரோமோசோம் உதிர்வதால், வயது ஏற ஏறப் பெண்களுக்கு நுண்கரு தானாகவே கூடும். ஃபோலேட் என்ற வைட்டமின் குறைவும் கூட்டும். ஒப்பீட்டுக் குழு வயதில் இளையதாக இருந்தால் மாத்திரைமேல் வீண்பழி விழும்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், ஈஸ்ட்ரோஜன்-புரோஜெஸ்டோஜன் கூட்டு மாத்திரையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருப்பது உண்மை. மார்பகம், கருப்பை வாய், கல்லீரல் புற்றுநோய்களுக்காக வைத்தது. ஆனால் கருப்பை உட்சுவர், சினைப்பைப் புற்றுநோய்களின் அபாயத்தை அதே மாத்திரை குறைக்கிறது. முதல் பிரிவு என்பது சான்றின் உறுதியைச் சொல்கிறது, ஆபத்தின் அளவை அல்ல. ஹார்மோன் செல்லில் உள்ள தன் ஏற்பியில் (ஹார்மோன் பொருந்தும் புரதம்) ஒட்டி, செல்லைப் பெருகச் செய்வதும் புற்றுநோய்க்கு ஒரு பாதை. அதற்கு டிஎன்ஏ உடைய வேண்டியதில்லை.

படித்துப் பயந்து அட்டையின் நடுவில் மாத்திரையை நிறுத்தாதீர்கள், கருத்தரிக்க வாய்ப்புண்டு. 35 வயதுக்கு மேல் புகைப்பழக்கம், கண்ணில் மின்னலோடு வரும் ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், முன்பு ரத்தம் உறைந்த வரலாறு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். மரபணுக் கேள்வி அதற்குப் பிறகு.