பழைய டாம் அண்ட் ஜெர்ரி கார்ட்டூன் ஃபிலிம் ரீல் வாங்கும்போது பண்ணக்கூடாத தப்புகள்

எல்லா டாம் அண்ட் ஜெர்ரியும் ஒண்ணுதானேன்னு நினைச்சு வாங்குறதுதான் முதல் தப்பு. 1940ல இருந்து 1958 வரைக்கும் இதை உருவாக்கின ஹன்னாவும் பார்பெராவும் எம்ஜிஎம் ஸ்டுடியோல பண்ணது 114 குறும்படம், அப்புறம் ஜீன் டைட்ச் பண்ணது 13, சக் ஜோன்ஸ் காலத்துல வந்தது 34, மூணுலயும் அடி விழுற டைமிங்கே வேற வேற. எனக்கு அந்த முதல் 114தான் உயிர்.

அடுத்தது கலர். டப்பா மேல ஒட்டின லேபிளைப் பாத்து காசு குடுத்துடாதீங்க, ரீலை கொஞ்சம் பிரிச்சு வெள்ளை வெளிச்சத்துல பிடிச்சு எடுத்த போட்டோவ விக்கிறவர்கிட்ட கேளுங்க. ஈஸ்ட்மேன்கலர்ங்கிற கலர் ஃபிலிம்ல போட்ட பழைய பிரிண்ட்ல (அதாவது படத்தோட ஃபிலிம் காப்பில) நீலமும் பச்சையும் போய், டாமோட சாம்பல் நீல உடம்பு ரோஸ் கலர்ல நிக்கும். டெக்னிகலர்ங்கிற இன்னொரு முறைல சாயம் ஏத்தி அச்சடிச்ச பிரிண்ட் இவ்ளோ சீக்கிரம் மங்காது, அதான் அதுக்கு தனி மவுசு.

படம் வந்த வருஷத்தையே பிரிண்ட் போட்ட வருஷம்னு நம்புறதும் நிறைய பேர் பண்றாங்க. கோடாக் ஃபிலிம் ஓரத்துல வட்டம் சதுரம் முக்கோணம்னு குறி இருக்கும், ஃபிலிம் தயாரான வருஷத்தை அது சொல்லும், ஆனா அந்த வரிசை 20 வருஷத்துக்கு ஒருதடவை திரும்ப வரும், 1942க்கும் 1962க்கும் ஒரே குறிதான், அதனால அதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

அப்புறம் நீளம் கேளுங்க ப்ளீஸ். 7 நிமிஷப் படம் சவுண்டோட 16 எம்எம் அகல ஃபிலிம்ல கிட்டத்தட்ட 250 அடி நீளம் வரும். வீட்ல போட்டுப் பாக்க அந்தக் காலத்துல வித்த சூப்பர் 8ங்கிற 8 எம்எம் ஃபிலிம்ல வெட்டிச் சுருக்கினது, சத்தமே இல்லாததெல்லாம் நிறைய. ஸ்காட் பிராட்லி ஒவ்வொரு காலடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா வச்சு இசை போட்டிருக்காரு, அது இல்லாம டாம் பியானோ வாசிக்கிற தி கேட் கான்செர்டோவப் பாத்தா மனசே ஆறாது, பாதி சிரிப்பு அந்த மியூசிக்லதான் இருக்கு.

டப்பாவத் திறந்ததும் வினிகர் வாடை வந்தா அந்த ரீல் அழிய ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். மத்த ரீல்களோட சேத்து வைக்காதீங்க, அதுங்களும் கெட்டுப்போகும். சுருங்கியிருந்தா ப்ரொஜெக்டர்லயும் ஏத்தாதீங்க, ஓரத்து ஓட்டையெல்லாம் கிழிஞ்சுடும். நல்லா இருக்குற ரீலை வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்துல வைங்க, மொட்டை மாடி ரூம் வேண்டவே வேண்டாம்.