தோட்டக் குளத்தில் சின்ன மீன்கள்: தண்ணீரைப் பழக்குவதிலிருந்து மீன் விடுவது வரை

புதுக் குளத்தில் விட்ட மீன்கள் ஒரே மாதத்தில் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தால், பெரும்பாலும் அது நோயின் வேலை அல்ல, அவசரத்தின் வேலை. தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவாக இருக்கும். ஆனால் மீனின் கழிவைச் செரிக்கிற நுண்ணுயிர்கள் அதில் இன்னும் குடியேறியிருக்காது. அதனால்தான் இங்கே மீன் ஐந்தாவது படியில்தான் வருகிறது.

படி 1: கொள்ளளவைக் கணக்கிடுங்கள்

மருந்து, உப்பு, மீன்களின் எண்ணிக்கை எல்லாமே லிட்டர் கணக்கில்தான். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கி, வரும் விடையை 1000-ஆல் பெருக்குங்கள். 2 மீ. நீளம், 1.5 மீ. அகலம், 0.5 மீ. ஆழம் என்றால் 1500 லிட்டர். ஓரங்கள் சரிவாக இருந்தால் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 1200 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆழம் குறைந்தது 45 செ.மீ. வேண்டும், 60 செ.மீ. இருந்தால் நல்லது. ஆழமில்லாத தண்ணீர் மதியம் கொதித்து இரவில் சட்டென்று குளிரும். சின்ன மீன்கள் வெயிலைக்கூடத் தாங்கிக்கொள்ளும், இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் தாங்காது. இடத்தைப் பொறுத்தவரை ஒரு நாளைக்கு 5 முதல் 6 மணி நேர வெயில் போதும். மரத்தடியில் வேண்டாம், உதிர்ந்த இலைகள் அடியில் அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

படி 2: தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். திறந்த குளத்தில் 2 நாள் விட்டால் அது ஆவியாகிவிடும். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது, எளிதில் ஆவியாகாது) கலந்த தண்ணீர் என்றால் எத்தனை நாள் வைத்தாலும் அதை நம்ப முடியாது. சோடியம் தயோசல்பேட் உள்ள குளோரின் நீக்கியை, புட்டியில் போட்டிருக்கும் அளவில் சேர்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குளோரின் தொல்லை இல்லை, ஆனால் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். அதை உயரத்திலிருந்து பீய்ச்சி அடித்து நிரப்புங்கள்.

சிமென்ட் குளம் கட்டியவர்கள் இங்கே கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். புது சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை) 9-ஐத் தாண்டும். நிரப்பி, சில நாள் விட்டு, இறைத்து, மறுபடி நிரப்புங்கள். இப்படி மூன்று நான்கு தடவை செய்த பிறகு பிஎச் 6.5-க்கும் 8.5-க்கும் இடையில் நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். அதுவரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: செடிகளும் பம்ப்பும்

நீருக்குள் வளரும் வேலம்பாசி, வாலிஸ்நேரியா, தொட்டியோடு இறக்கி வைத்த ஓர் அல்லி, கொஞ்சம் மிதக்கும் செடி. இவ்வளவு போதும். அல்லித் தொட்டியில் உரம் கலக்காத களிமண்ணைப் போட்டு, மேலே ஒரு விரல் கனத்துக்குக் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் கலங்காது. செடிகள் நீர்ப்பரப்பில் பாதியை மூடலாம். முழுவதையும் மூட விடாதீர்கள். மிதக்கும் செடிகளை வாரம் ஒருமுறை அள்ளி எடுக்காவிட்டால் ஒரே மாதத்தில் குளத்தை மூடிவிடும்.

பம்ப், மொத்தத் தண்ணீரையும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழற்றினால் போதும். 1200 லிட்டருக்கு, மணிக்கு 600 லிட்டர் தள்ளும் பம்ப் சரி. அதன் உறிஞ்சும் வாயில் கட்டாயம் ஸ்பான்ஞ் மாட்டுங்கள், இல்லாவிட்டால் குஞ்சுகள் உள்ளே போய்விடும். அந்த ஸ்பான்ஞ்சில்தான் நுண்ணுயிர்களும் குடியிருக்கும். குழாயடியில் பிடித்துக் கழுவினால் குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். குளத்துத் தண்ணீரையே ஒரு வாளியில் மொண்டு அதில் அலசிப் பிழியுங்கள். செம்புக் குழாய், செம்புப் பாத்திரம் எதுவும் குளத்தில் வேண்டாம். செம்பு மீனுக்கு விஷம்.

படி 4: தண்ணீரைப் பழக்குங்கள்

எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். மீனின் கழிவும் மிச்சத் தீவனமும் அழுகினால் அம்மோனியா உண்டாகும். ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அதைச் செடிகள் எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டு கூட்டமும் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும், குளிர்காலத்தில் இன்னும் அதிகம்.

செய்ய வேண்டியது இது. தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தை வெறும் குளத்தில் போடுங்கள், பம்ப்பை நிறுத்தாமல் ஓட விடுங்கள். ஏற்கெனவே நோயில்லாமல் மீன் வளரும் தொட்டியிலிருந்து ஒரு பிடி கூழாங்கல்லோ பழைய ஸ்பான்ஞ் துண்டோ கிடைத்தால் போடுங்கள், தயிருக்கு உறை ஊற்றுவது போல. காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். சோதனைக் கிட்டால் வாரம் இரண்டு முறை பாருங்கள்: முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்தில் நின்று, ஒரு வாரம் அப்படியே இருந்தால் குளம் தயார். கிட் வாங்கச் சுணங்க வேண்டாம். நிறத்தையும் வாடையையும் வைத்து அம்மோனியாவைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த வாரங்களில் கொசுப்புழு வரும். வலையால் அரித்து எடுங்கள், மருந்து அடிக்காதீர்கள்.

படி 5: எந்த மீன், எத்தனை

வெப்பமான இடத்தில் கப்பி, பிளாட்டி, மோலி எளிது. வரிக்குதிரை டேனியோ சுறுசுறுப்பானது, கூட்டமாக 6-க்குக் குறையாமல் விட வேண்டும். குளிர் அதிகமான இடத்துக்கு ஒயிட் கிளவுட் மின்னோ பொருந்தும். கப்பியோ 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சோர்ந்து செத்துவிடும். தங்கமீனைச் சின்ன மீன் என்று நினைத்து வாங்காதீர்கள். அது 20 செ.மீ.க்கு மேல் வளரும், கழிவும் அதிகம், குஞ்சுகளையும் விழுங்கும்.

வளர்ந்த சின்ன மீன் ஒன்றுக்கு 10 லிட்டர் என்பது பாதுகாப்பான கணக்கு. ஆனால் அது இறுதி எண்ணிக்கை. முதலில் 8 அல்லது 10 மட்டும் விடுங்கள், 2 வாரம் கழித்து அடுத்த தொகுதி. கப்பி வகையில் ஒரு ஆணுக்கு 2 அல்லது 3 பெண் என்று வாங்குங்கள். ஆண்கள் அதிகமானால் பெண் மீன்களைத் துரத்தியே சாகடித்துவிடும். கப்பி ஏறத்தாழ மாதம் ஒருமுறை குஞ்சு போடும், எனவே இரண்டாவது தொகுதி பெரும்பாலும் தேவைப்படாது.

குளத்தில் ஏற்கெனவே மீன் இருந்தால், புது மீனை 2 வாரமாவது தனி டப்பில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

படி 6: மீனை விடுதல்

மாலை நேரம் நல்லது. கட்டிய பையை அப்படியே நிழலில் 15 முதல் 20 நிமிடம் மிதக்க விடுங்கள். வெயிலில் மிதக்கும் பை சில நிமிடங்களிலேயே சூடாகிவிடும். பிறகு பையைத் திறந்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் குளத்துத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே வாருங்கள். பையிலிருக்கும் தண்ணீர் இரண்டு மடங்கானதும் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைக் குளத்தில் ஊற்றாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு: மீன் பல மணி நேரம் பையில் பயணம் செய்து வந்திருந்தால், திறந்த பிறகு இழுத்தடிக்கக் கூடாது. மூடிய பையில் சேர்ந்த கரியமில வாயு பிஎச்-ஐத் தாழ்த்தி, அம்மோனியாவின் வீரியத்தை அடக்கி வைத்திருக்கும். திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அம்மோனியா நஞ்சாகும். அந்த மீன்களுக்கு வெப்பம் சமமானதும் பையைத் திறந்து, உடனே குளத்துக்கு மாற்றுங்கள்.

முதல் நாள் தீவனம் வேண்டாம். மீன்கள் செடிக்குள் ஒளிந்துகொண்டு கண்ணில் படாவிட்டால் கிளறித் தேடவும் வேண்டாம்.

தினசரி பராமரிப்பு

நாளுக்கு ஒருமுறை, 2 நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுக்குத் தீவனம். மீன் எப்போதும் பசித்தது போலத்தான் வரும், ஏமாறாதீர்கள். வாரம் ஒருமுறை 10 முதல் 15 சதவீதத் தண்ணீரை அடியிலிருந்து எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரை ஊற்றுங்கள். எடுத்த தண்ணீர் செடிகளுக்கு அருமையான உரம். ஆவியானதற்கு ஈடாக ஊற்றுவது தண்ணீர் மாற்றியதாகாது. உப்புகள் அப்படியே தங்கிவிடும்.

என்ன கோளாறு, ஏன்?

*விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன.* ஆக்சிஜன் பற்றாக்குறை. செடிகளும் பாசியும் இரவில் ஆக்சிஜனை உட்கொள்ளும். செடியைக் குறையுங்கள், இரவில் ஏர் பம்ப் ஓட விடுங்கள். நாள் முழுக்க வாய் பிளந்தால் அம்மோனியாவைச் சோதியுங்கள், கூடவே கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள்.

*தண்ணீர் பச்சையாகிறது.* வெயிலும் சத்தும் அதிகம். மீனுக்குக் கெடுதல் இல்லை. நிழலையும் செடியையும் கூட்டி, தீவனத்தைக் குறையுங்கள். மொத்தமாக இறைத்துப் புதுத் தண்ணீர் நிரப்பினால் சில நாளில் மறுபடி பச்சையாகும்.

*உடம்பில் உப்புத்தூள் தூவியது போல வெண்புள்ளி.* ஒட்டுண்ணி. பாதித்த மீனைத் தனி டப்புக்கு மாற்றி, லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் அயோடின் இல்லாத உப்பை ஒரு நாளில் மூன்று தவணையாகக் கரைத்துச் சேருங்கள். குளத்தில் போட்டால் செடிகள் கருகும். குளத்து மீன்களையும் தினமும் கவனியுங்கள், ஒட்டுண்ணி அங்கேயும் பரவியிருக்கலாம்.

*குஞ்சுகள் காணாமல் போகின்றன.* தாய் மீனே தின்னும். தும்பியின் இளம்புழுவும் தின்னும். நெருக்கமான வேலம்பாசிப் புதர் ஒன்றை வெட்டாமல் விட்டால் ஒரு பங்கு பிழைக்கும். பெரிய மீன்களும் குறைந்தால் கொக்கு, மீன்கொத்தி, பூனை. மேலே வலை கட்டுங்கள்.

மழைக்கு முன் வழிந்தோடும் துளையில் 1 மி.மீ. கண்ணி வலை வைத்து மூடுங்கள். பெருமழையில் குஞ்சுகள் அந்த வழியாகத்தான் போகும். போன கப்பி அருகிலுள்ள ஓடையில் பெருகி அங்கிருக்கும் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பெருகிப்போன மீன்களை ஏரியிலோ ஆற்றிலோ விடாதீர்கள். மீன் வளர்க்கும் வேறொருவரிடம் கொடுங்கள், இல்லை ஆண்களையும் பெண்களையும் வேறு வேறு தொட்டியில் பிரித்து வையுங்கள். பெண் கப்பி ஒருமுறை ஆணோடு சேர்ந்தால் விந்தணுவைச் சேமித்து வைத்துப் பல மாதங்கள் குஞ்சு போடும். ஆகவே பிரித்த பிறகும் சில மாதம் குஞ்சுகள் வரத்தான் செய்யும்.