கற்பனைக் கடலில் எத்தனை நாள் தூரம்? வாதத்துக்கு இறங்குபவர்களுக்கு ஒரு கையேடு

கடற்பயணக் கதை ஒன்றின் வாசகர்கள் நாலு பேர் கூடினால் இந்தச் சண்டை வந்தே தீரும். "வடக்குத் தீவிலிருந்து தலைநகருக்கு எட்டே நாளில் அவன் எப்படி வந்து சேர்ந்தான்?" ஒருவர் புத்தகத்தின் முன்பக்க வரைபடத்தில் ஸ்கேலை வைத்து அளப்பார். இன்னொருவர் நாயகனின் கப்பல்தான் உலகிலேயே வேகமானது என்பார். மூன்றாமவர் "கதைதானே, விடுங்கள்" என்று எழுந்து போவார். மூவர் செய்வதும் தவறு.

பாய்மரக் காலத்துக் கடலில் தூரம் என்பது மைல் கணக்கு அல்ல, நாள் கணக்கு. எந்தக் கப்பல், எந்தப் பருவம், எந்தத் திசை என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் நாளை மைலாக மாற்ற முடியும். கிலோமீட்டரில் தொடங்கும் வாதம் பெரும்பாலும் அங்கேயே வழி தவறிவிடுகிறது.

முதல் வேலை: பட்டியல்

கதையில் பயணம் வரும் ஒவ்வொரு இடத்தையும் ஓர் அட்டவணையில் எழுதுங்கள். புறப்பட்ட துறை, சேர்ந்த துறை, நாள்கள், கப்பலின் வகை, பருவம், வழியில் நின்ற இடங்கள், அத்தியாய எண், இதை யார் சொன்னார்கள் என்பது. கடைசிக் கட்டம்தான் மிக முக்கியம். எல்லாச் சான்றுக்கும் ஒரே எடை கிடையாது.

தேதியோடு கதைசொல்லியே சொல்லும் பயணம் முதலிடம். கப்பலில் இருந்தவர் சொல்வது அடுத்தது. கரையில் இருப்பவர் "அது ரெண்டு வாரப் பயணம் தம்பி" என்று சொன்னால் அது ஊர்ப்பேச்சு; பத்து நாளாகவும் இருக்கலாம், இருபதாகவும் இருக்கலாம். அளவுகோல் போடாத வரைபடம் கடைசி. வரைபடத்தைக் கடைசியில் வைத்தால் பலருக்குக் கோபம் வரும். ஆனால் அச்சுப் பக்கத்தின் அகலத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகவே கடலைச் சுருக்கி வரைந்த படங்கள் ஏராளம். கதைக்குள்ளேயே ஒரு பாத்திரம் வரைந்த படம் என்றால், அந்தப் பாத்திரத்தின் அறியாமையும் அதில் சேர்ந்திருக்கும்.

மொழிபெயர்ப்பில் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மூலத்தில் 'லீக்' என்றிருப்பது தமிழில் காதமாகவோ மைலாகவோ மாறியிருக்கும். கடல் லீக் என்பது 3 கடல் மைல். கடல் மைல் 1,852 மீட்டர், தரை மைல் சுமார் 1,609 மீட்டர். காதத்துக்கோ ஒரே அளவு என்றும் இருந்ததில்லை. எண்ணை எடுப்பதற்கு முன் மூலத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

நாளை மைலாக்குவது

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். கப்பலின் உச்ச வேகத்தை எடுத்து 24 மணியால் பெருக்கிவிடுவார்கள். கப்பல் உச்ச வேகத்தில் ஓடுவது நல்ல காற்றில் சில மணி நேரம் மட்டுமே. காற்று விழும், திசை மாறும், இரவில் பாயைக் குறைப்பார்கள், தெரியாத கரை நெருங்கினால் விடியும் வரை காத்திருப்பார்கள்.

நிஜ வரலாறு ஒரு நல்ல அளவுகோல். 1492 செப்டம்பர் 6இல் கேனரித் தீவுகளை விட்ட கொலம்பஸ் அக்டோபர் 12இல் கரை கண்டார். 36 நாளில் ஏறத்தாழ 3,000 கடல் மைல். அதாவது நாளுக்கு 80 முதல் 90. அதுவும் காற்று பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால் இருந்த பயணம். மறுமுனையில், 1854இல் 'சாம்பியன் ஆஃப் தி சீஸ்' என்ற கிளிப்பர் வகை விரைவுப் பாய்மரக் கப்பல் ஒரே நாளில் 465 கடல் மைல் ஓடியதாகப் பதிவு உண்டு. அது தென்கோளத்து மேலைக்காற்றின் பலத்தில் ஒரு மாபெரும் கப்பல் ஒரே ஒரு நாள் காட்டிய சாதனை. உங்கள் நாயகனின் இரட்டைப் பாய்மரக் கப்பலுக்கு அதை மேற்கோள் காட்டாதீர்கள்.

வாதத்துக்கு வைத்துக்கொள்ள என் எண்கள் இவை: சரக்கேற்றிய அகன்ற வணிகக் கப்பலுக்கு நாளுக்கு 80–120 கடல் மைல், ஒடுங்கிய உடலுள்ள விரைவுக் கப்பலுக்கு 140–180. துடுப்புக் கப்பல் என்றால் கணக்கே வேறு. துடுப்பு போடுபவர்களுக்குத் தண்ணீரும் உறக்கமும் வேண்டும், அதனால் அவை இரவில் கரை ஒதுங்கும். ஓடும் மணி நேரத்தை மட்டும் எண்ணுங்கள்.

எதிராளி நம்ப முடியாத வேகம் சொன்னால் கப்பலின் நீளத்தைக் கேளுங்கள். நீரைக் கிழித்து ஓடும் கனமான கப்பலுக்கு, நீர்மட்டத்தில் உள்ள நீளத்தின் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கடல் மைல் என்ற நடைமுறை உச்சம் வரும். 16 மீட்டர் என்றால் 9.7, 25 மீட்டர் என்றால் சுமார் 12. அதற்கு மேல் போகப் போகக் கப்பல் தானே எழுப்பிய அலையில் ஏற வேண்டியிருக்கிறது. மந்திரக் கப்பல் என்று கதையே சொன்னால் இந்தச் சூத்திரத்தை விட்டுவிடலாம். கதை சொல்லாத மந்திரத்தை வாசகர் சேர்க்கக் கூடாது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். மணற்றுறையிலிருந்து கருங்கோட்டுக்கு வணிகக் கப்பல் 9 நாளில் போகிறது; நடுவே ஒரு நாள் தண்ணீர் நிரப்ப நிற்கிறது. ஓடியது 8 நாள். ஆகவே 640 முதல் 960 கடல் மைல். பிறகு ஓர் அத்தியாயத்தில் அதே வழியை விரைவுக் கப்பலான ஒற்றர் கப்பல் 5 நாளில் முடிக்கிறது: 700 முதல் 900. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடம் 700–900. இதுதான் உங்கள் விடை. 800 என்று ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டால் எதிராளி அந்த ஒரு எண்ணை உடைத்தால் போதும். வீச்சாகச் சொன்னால் அவர் இரண்டு சான்றையும் உடைக்க வேண்டும். இரண்டு வீச்சும் ஒன்றையொன்று தொடவே இல்லையென்றால் சான்றுகளில் ஒன்று தவறு, அல்லது கப்பல் வகையைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

போன வழி வேறு, வந்த வழி வேறு

"போக 9 நாள், வர 20 நாளா? எழுத்தாளர் மறந்துவிட்டார்!" என்ற குற்றச்சாட்டு அடிக்கடி வரும். பெரும்பாலும் மறந்தது எழுத்தாளர் அல்ல, காற்றை மறந்த வாசகர்தான்.

சதுரப் பாய் கட்டிய கப்பல் காற்று வரும் திசைக்குச் சுமார் 67 பாகைக்கு மேல் நெருங்காது. எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாமல் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஓட வேண்டும். அப்போது ஓடும் தூரம் நேர்தூரத்தைப் போல் 2.6 மடங்கு. இதோடு காற்று கப்பலைப் பக்கவாட்டில் 10 பாகை தள்ளுகிறது என்று வைத்தால் அது நாலரை மடங்காகிவிடும். முக்கோணப் பாய்க் கப்பல் 50–55 பாகை வரை நெருங்கும் என்பதால் அதற்கு ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் மடங்குதான். கப்பலின் பாய் என்ன வடிவம் என்று ஓவியத்தில் பார்த்துவிட்டுப் பேசுவது இதனால்தான் அவசியம்.

மேலே சொன்ன வணிகக் கப்பல் சதுரப் பாய்க் கப்பலாக இருந்து, நாளுக்கு 96 கடல் மைல் ஓடினால், 20 நாளில் 1,920. அதை 2.6ஆல் வகுத்தால் சுமார் 740. நம் 700–900க்குள்தான் விழுகிறது. முரண்பாடு என்று காட்டப்பட்டது சான்றாகவே மாறிவிட்டது, அதுவும் வீச்சின் கீழ்ப்பக்கத்துக்குச் சாதகமாக.

நிஜத்தில் இதைவிடப் பெரிய ஏற்றத்தாழ்வு உண்டு. ஸ்பானியர்களின் மணிலா கப்பல்கள் மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கு, கிழக்கிலிருந்து நிலையாக வீசும் வியாபாரக் காற்றில் சுமார் 3 மாதத்தில் போயின. திரும்புவதற்கு 4 முதல் 6 மாதம் பிடித்தது. வடக்கே ஏறி மேலைக்காற்றைப் பிடிக்கும் அந்தத் திரும்பும் வழியையே உர்தனேட்டா என்ற ஸ்பானிய மாலுமி 1565இல்தான் கண்டார். ஆக, ஒரே இரு துறைகளுக்கு இடையே வரைபடத்தில் இரண்டு கோடுகள் இருக்கலாம்.

நீரோட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். மாலுமி மணிக்கு 5 கடல் மைல் என்று சொன்னால் அது தண்ணீரை ஒப்பிட்ட வேகம். முடிச்சுக் கயிற்றைக் கடலில் விட்டு, 28 விநாடி மணற்கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு ஓடியது என்று எண்ணுவார்கள். முடிச்சுகளுக்கு இடையே சுமார் 14.4 மீட்டர். தண்ணீரே மணிக்கு 2 கடல் மைல் நகர்ந்தால் அது அந்தக் கயிற்றில் தெரியாது. ஒரு நாளில் 48 மைல் பிசகிவிடும்.

உலகம் எவ்வளவு பெரியது?

தட்டையான படத்தில் ஸ்கேல் வைப்பவருக்கு ஒரு கேள்வி போதும்: "இந்த உலகம் உருண்டையா?" ஆம் என்றால், 1569இல் மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் போட்ட முறையிலான படத்தில் 60ஆம் அட்சரேகையருகே எல்லாம் இரு மடங்கு நீண்டு தெரியும். பூமியில் அந்த அட்சரேகையில் ஒரு பாகைத் தீர்க்கரேகை 60 அல்ல, 30 கடல் மைல்தான். அங்கே 90 பாகை தள்ளி இருக்கும் இரு துறைகளுக்கு இடையே நேர்கிழக்காக ஓடினால் 2,700 கடல் மைல். துருவப் பக்கம் வளைந்த குறுக்கு வழியில் சுமார் 2,485.

ஆனால் கற்பனை உலகம் பூமியின் அளவில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அளவைக் கண்டுபிடிக்க, பூமியின் சுற்றளவைக் கோண வித்தியாசத்தால் கணக்கிட்ட பண்டைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிசின் வழி இன்றும் உதவும். துருவ நட்சத்திரம் போல அசையாமல் நிற்கும் ஒரு விண்மீனின் உயரம் இரண்டு துறைகளில் சொல்லப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். நேர்தெற்கே 9 நாள் ஓடியபின் அது 12 பாகை இறங்கியது என்றும், நாளுக்கு 100 கடல் மைல் என்றும் கொண்டால், 900ஐ 12ஆல் வகுக்க ஒரு பாகைக்கு 75. சுற்றளவு 27,000 கடல் மைல், சுமார் 50,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு 21,600 கடல் மைல். அதாவது அந்த உலகம் கால்பங்கு பெரியது. இப்படி ஒரு வரி கிடைத்தால் அது தங்கம். பயணம் வடக்குத் தெற்காக இல்லையென்றால் இந்தக் கணக்கைப் போடவே கூடாது.

கிழக்கு மேற்குத் தூரம் பற்றிப் பாத்திரங்கள் சொல்வதை எப்போதும் சந்தேகியுங்கள். துல்லியக் கடிகாரம் இல்லாத உலகில் தீர்க்கரேகை வெறும் ஊகம். கடிகாரம் 4 நிமிடம் பிசகினாலே ஒரு பாகை போய்விடும். நிலநடுக்கோட்டில் அது 60 கடல் மைல். ஆங்கிலேயக் கடிகாரக்காரர் ஹாரிசனின் நான்காவது கடிகாரம் 1761இல் கடலேறிச் சோதிக்கப்படும் வரை நம் உலகின் மாலுமிகளும் இதே நிலையில்தான் இருந்தார்கள்.

குறுக்கு விசாரணை

கணக்கு முடிந்ததும் வேறு திசையிலிருந்து சோதிக்க மூன்று கருவிகள் உண்டு.

ஒன்று, பார்வை. உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 30 மீட்டர் பாய்மர உச்சியில் இருப்பவர் 900 மீட்டர் மலையின் நுனியைச் சுமார் 127 கிலோமீட்டரிலிருந்து காணலாம், வானம் தெளிந்திருந்தால். இதைவிடத் தள்ளி ஒரு தாழ்ந்த தீவைக் கண்டதாகக் கதை சொன்னால் ஏதோ இடிக்கிறது. இந்த 3.57 பூமிக்கான எண். பெரிய உலகில் கொஞ்சம் கூடும்.

இரண்டு, தண்ணீர். ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் என்றால் 100 பேருக்கு 60 நாளைக்கு 24,000 லிட்டர், 24 டன். இடையில் நிற்காமல் நாலு மாதம் ஓடியதாகச் சொல்லும் சின்னக் கப்பலில் பீப்பாய்களை எங்கே வைத்தார்கள்? பசுங்காய்கறி இல்லாமல் இரண்டு மூன்று மாதம் போனால் ஈறு வீங்கும் ஸ்கர்வி தொடங்கும். 1520 நவம்பர் 28 முதல் 1521 மார்ச் 6 வரை, 98 நாள், பசிபிக்கைக் கடந்த மெகல்லனின் ஆட்களில் பலர் அதில்தான் மடிந்தார்கள். ஒருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் வரவில்லை என்றால் வழியில் சொல்லப்படாத நிறுத்தம் இருந்திருக்கலாம். அதை ஊகம் என்றே எழுதுங்கள்.

மூன்று, முக்கோணம். மூன்று துறைகளின் நேர்தூரங்களைக் காம்பஸால் வட்டம் போட்டு வரையுங்கள். இரு பக்கங்களின் கூடுதல் மூன்றாவதைவிடக் குறைவாக வந்தால் வட்டங்கள் தொடாது. முதலில் காற்றைத் திருத்திப் பாருங்கள். நாள்களை அப்படியே பக்கங்களாகப் போட்டதால் வந்த பிழையாகத்தான் அது பெரும்பாலும் இருக்கும்.

வாதத்தை எழுதும்போது கதையில் இருப்பது, அதிலிருந்து நீங்கள் ஊகித்தது, நிஜ உலகிலிருந்து கடன் வாங்கியது என மூன்றையும் தனித்தனியே குறியுங்கள். எதிராளி எந்தப் படியை மறுக்கிறார் என்று அப்போதுதான் தெரியும். எதைச் செய்தும் இரண்டு அத்தியாயங்கள் ஒத்துவரவில்லையென்றால் 'பொருந்தவில்லை' என்று அட்டவணையில் எழுதி இரண்டையும் வைத்திருங்கள். ஒன்றை அழிக்காதீர்கள். அடுத்த பாகத்தில் அந்தப் பயணத்தின் பருவமோ கப்பலின் பெயரோ சொல்லப்பட்டால், அழித்த வரியைத் தேடி மறுபடி முதல் பக்கத்துக்குப் போக நேரும்.